மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

மாப்பிள்ளையின் மண்டையில் உலக்கையால் அடிப்பதா, விறகுக் கட்டையால் அடிப்பதா என்பதில் மாமனாருக்கும் மைத்துனனுக்கும் கருத்து ஒன்றுபடவில்லை. மாப்பிள்ளை ஜாபேஸ், குடிபாலாவிலுள்ள பெண் வீட்டின் நடுக்கூடத்தில், மாட்டுக் கயிற்றால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தான்.

“உலக்கை வேணாம் நைனா, உசுரு பூடும். கட்டையே போதும்,” என்றான் ஹேமநாத்.

“போட்டியே ஒண்ணு, இன்னா ஆச்சு? கட்டைதான் ரெண்டா ஒடிஞ்சுது,” என்றார் ஜீவரத்தினம்.

ஜாபேஸின் புருவத்திலிருந்து வடிந்த இரத்தம் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. “ஐயா, நீங்கள்லாம் யாரு? எதுக்கு என்னை அடிக்கிறீங்க?” என்று அவன் ஈனக்குரலில் கேட்டான்.

“பாத்தியா, இன்னும் ஐயாங்கிறாரு! மாமான்னு வாயில வர்ற வரைக்கும் வுடாதே,” என்று ஜீவரத்தினம் மகனை ஏவினார்.

கடந்த திங்களன்று கலியாணப் புடவை எடுப்பதற்காக ஜாபேஸும் ஜீவரத்தினத்தின் மகள் கேசியாவும் மோட்டார் சைக்கிளில் திருப்பதிக்குச் சென்றிருந்தார்கள். திரும்பும் வழியில் வண்டி சறுக்கி விழுந்துவிட்டதெனக் கேசியா கைப்பேசியில் கதறினாள். அடிபட்டது ஜாபேஸின் தலை ஒன்றுதான். பின்னால் அமர்ந்திருந்த கேசியாவுக்கோ, வண்டிக்கோ ஒரு கீறலும் இல்லை. சபையார் அதனை அற்புதமென்றே சாட்சி கூறினார்கள்.

ஆனால் கண் விழித்த ஜாபேஸுக்குத் தன் பெயரும் தெரியவில்லை. தான் மணக்கவிருந்த பெண்ணையும் தெரியவில்லை.

மூன்று ஞாயிறுகள் வாசிக்க வேண்டிய கலியாண அறிவிப்பான ஓலையைச் சபையில் இரண்டு ஞாயிறுகள் வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை மறுநாள். பெண் இன்னாள் என்று மாப்பிள்ளை தன் வாயால் சொல்லாவிடில் ஓலையும் இல்லை, கலியாணமும் இல்லை என்று போதகர் கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

நினைவு நாளடைவில் திரும்பும் என்றார் மருத்துவர். ஹேமநாத்துக்கு அத்தனை பொறுமை இல்லை. ஓர் அடியில் போன நினைவு மற்றோர் அடியில் திரும்பிவிடும் என்பதை அவன் தமிழ்ப் படங்களிலும் தெலுங்குப் படங்களிலும் கண்டிருந்தான். ஜாபேஸின் தாய் ஞானம்மாளும், “உசுரு மட்டும் இருக்கட்டும், மத்தது உங்க இஷ்டம்” என்று சித்தூரிலிருந்து அனுமதி அளித்துவிட்டு, முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான், பல்லைக் கடிச்சிக்கோ!” என்று கூவியவாறு ஹேமநாத் அடுத்த கட்டையை வீசினான். ஜாபேஸ் தலையை நேராகவே வைத்து அவ்வடியை வாங்கிக்கொண்டான். நாற்காலி சரிந்தது, உதடு கிழிந்து, ஒரு பல் தரையில் தெறித்து உருண்டது.

“வேணாம் நைனா!” என்று அடுக்களையிலிருந்து கேசியா ஓடிவந்தாள். “ஞாபகம் வராட்டி போவுது! ஒண்ணும் தெரியாம இப்படியே இருக்கட்டும். நான் இவரைக் கட்டிக்கினு காலம் பூரா காப்பாத்துறேன்!”

ஜீவரத்தினத்தின் கண்கள் கலங்கின. “என் வூட்டுல இப்படி ஒரு தெய்வமா!” என்று மூக்கைச் சிந்தினார்.

தகப்பனும் மகனுமாக நாற்காலியை நிமிர்த்தினார்கள். இரத்தத்தைத் துடைக்க வேண்டிக் கேசியா கையை உயர்த்தினாள். அத்தனை அடிகளுக்கும் அசையாதிருந்த ஜாபேஸ், கண்களை இறுக மூடிக்கொண்டு கழுத்தைத் தோள்களுக்குள் இழுத்துக்கொண்டான்.

“பாவம், அடி வாங்கி வாங்கிப் பயந்துகினு கீறாரு,” என்றாள் கேசியா.

“நீ தள்ளு! நாளைக்கு ஓலை படிக்கலைன்னா ஊரே சிரிக்கும்,” என்று கூறி, ஹேமநாத் இறுதியாக உலக்கையையே எடுத்துவிட்டான்.

அவன் அதை ஓங்குமுன் கேசியா பாய்ந்து பறித்தாள். இரு கைகளாலும் அதனைத் தலைக்கு மேல் உயர்த்தி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, ஜாபேஸுக்கு முன்னால் நின்றாள். “இன்னொரு அடி இவர் மேல வுழுந்துச்சு, அண்ணன்னு பாக்க மாட்டேன். மண்டையைப் பொளந்துடுவேன்!”

ஹேமநாத் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“கேசியா!” என்று ஓர் அலறல் எழுந்தது. அலறியவன் ஜாபேஸ்.

“ஸ்தோத்திரம்! பேரு வந்துடுச்சு!” என்று ஜீவரத்தினம் துள்ளினார். “மாப்ளே, என்னைப் பாரு. நான் யாரு?”

“மாமா... ஜீவரத்தினம் மாமா. அவன் ஹேமநாத்து. எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு மாமா!”

ஹேமநாத் போதகரைக் கைப்பேசியில் அழைத்து, “நாளைக்கு ஓலையைப் படிச்சுடுங்க பாஸ்டர்!” என்று கூவினான். ஜீவரத்தினம் கயிற்றின் முடிச்சுகளை அவிழ்க்கலானார். கேசியா மட்டும் ஓங்கிய உலக்கையை இறக்கவில்லை.

“அது சரி மாப்ளே, கடைசியில அடியே வுழலையே. எப்படி ஞாபகம் வந்துச்சு?”

“அன்னிக்கு வழியில வண்டியை நிறுத்தி, கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாமான்னு கேட்டேன்...” ஜாபேஸ் கேசியாவை ஏறிட்டுப் பார்த்தான்.

“அப்பவும் இப்படியேதான் ஓங்கினா, மாமா!”