பத்து நாள் திரை

"ஆபத்தா? பூஜ்யம்," என்றாள் மார்லூஸ்.

பறவைக் காய்ச்சல் கிருமியை ஆராயும் கூடத்தில் அவள் விஞ்ஞானி. கூடத்தைப் பெரிதாக்க ஊர்க்காரர்கள் இன்றைய கூட்டத்தில் கை தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அவளுடைய ஆறு வருட உழைப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

'பூஜ்யம்' என்று சொல்லச் சொன்னவர் அவளுடைய இயக்குநர் ரூலோஃப்.

எதிர்வீட்டு சைக்கிள் கடைக்காரன் டீமன் எழுந்தான். "ஆரம்பிச்சுட்டான்யா," என்று யாரோ முனகினார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் வம்பு வளர்ப்பது அவன் வழக்கம்.

"பூஜ்யம்னா, போன மார்ச்ல பத்து நாள் உங்க வீட்டு ஜன்னல் திரை ஏன் மூடியே இருந்துச்சு, டாக்டரம்மா?"

கூட்டம் சலசலத்தது. எங்கள் டச்சு ஊரில் விளக்கு போட்ட பிறகும் தெருப்பக்கத் திரையை யாரும் மூட மாட்டோம். மூடினால் எதையோ ஒளிக்கிறார்கள் என்றுதான் நினைப்போம்.

"வெளியூர் போயிருந்தேன்னு சொல்லிடு," என்று ரூலோஃப் கிசுகிசுத்தார்.

மார்லூஸ் அவரைப் பார்த்தாள். பிறகு மைக்கைப் பிடித்தாள்.

"கையுறை கிழிஞ்சுது. ஊசி முனை அளவு. கிருமி ஒட்டிச்சோ என்னவோன்னு பத்து நாள் உள்ளேயே இருந்தேன். என்னைப் பார்த்துட்டு யாரும் பேச வந்துடக் கூடாதுன்னுதான் திரை. ஒண்ணும் ஆகல. ஆனா ஆகியிருக்கலாம். பூஜ்யம்னு சொன்னது தப்பு."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"யாரோ தினமும் வாசல்ல ஒரு டப்பால பட்டாணி சூப் வெச்சு, மணியடிச்சுட்டுப் போயிடுவாங்க. திரை மூடியிருந்ததால யாருன்னு பார்க்கல."

ரூலோஃப் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதைத்தான் கேட்க வந்தேன்," என்றான் டீமன். "கிழியும்னு தெரிஞ்சவங்க ஜாக்கிரதையா இருப்பாங்க. பூஜ்யம்னு சொல்றவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்."

முதல் கை அவனுடையதுதான். பின்னாலேயே ஒவ்வொன்றாக எழுந்தன. நாலைந்து பேர் தூக்கவில்லை. ஆனாலும் கணக்கு தேறிவிட்டது.

வாசலில் மார்லூஸ் அவனைப் பிடித்தாள். "ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்களே, டீமன்."

அவன் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"அதை விடுங்க. என் சூப் டப்பா பத்தும் உங்ககிட்டதான் இருக்கு. நாளைக்குக் கழுவிக் குடுத்துடுங்க. ரெண்டு தடவை கழுவிடுங்க."