லாரி சார்

“சார், மலை இன்னைக்காவது வெடிக்குமா?”

முன்வரிசைப் பையன் கேட்டதும், நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த வகுப்பு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. டீச்சர் முறைத்தார். ஆனால் அவர் உதடும் லேசாகக் கோணியது.

எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தின் பொறுப்பாளருக்குக் காது சுட்டது. போன மாதம் கல் ஏற்றிய லாரிகள் போன அதிர்வை மலையின் அதிர்வு என்று அறிவித்தவர் அவர். சரிவில் இருந்த ஊரே குழந்தை குட்டி, ஆடு மாடோடு இறங்கி வந்து மழையில் நனைந்தது. மலை அசையவில்லை. அன்று முதல் அவர் ‘லாரி சார்’. முடி வெட்டப் போனால்கூட, “கத்தி பத்திரம்ப்பா, பூமி ஆடிடப் போகுது” என்பார்கள்.

அதெல்லாம் பழகிவிட்டது. கூடத்தின் கடைசியில், தூணுக்குப் பின்னால், அவரை யாரென்றே தெரியாதவள் போல ஒரு சிறுமி நின்றாள். அவர் மகள். “அங்க என்னைக் கூப்பிட்டுடாதப்பா” என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அது மட்டும் பழகவில்லை.

“மூடி போட்ட பாத்திரத்துல தண்ணி கொதிச்சா மூடி என்ன பண்ணும்?” என்று ஆரம்பித்தார்.

“தடதடன்னு ஆடும் சார்.”

“மலையும் அப்படித்தான். அடியில கல்லே உருகிக் குழம்பாக் கிடக்கு. மேல வர வழி தேடும். பாறையை உடைச்சுக்கிட்டு வரும்போது தரை அதிரும். உங்க காலுக்கு அது தெரியாது. உள்ள இருக்குற கருவியோட முள்ளுக்குத் தெரியும்.”

“லாரிக்கும் மலைக்கும் வித்தியாசம் முள்ளுக்குத் தெரியாதா சார்?”

இந்த முறை டீச்சரே சிரித்துவிட்டார்.

“தெரியாது. ஆடினா எழுதும், அவ்வளவுதான். ஆட்டினது யாருன்னு நாமதான் சொல்லணும். நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

சிரிப்பு நின்றது. தூணுக்குப் பின்னாலிருந்து பாதி முகம் எட்டிப் பார்த்தது. அந்தப் பாதி முகத்துக்காக அவருக்கு ஒரு யோசனை வந்தது.

“நீங்க எல்லாரும் சேர்ந்து குதிச்சா அதையும் முள்ளு எழுதும். உங்க பூகம்பத்தை நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். நான் உள்ள போய்த் தாள் மாத்திட்டுக் கதவைத் தட்டுவேன். தட்டினதும் குதிங்க.”

கூடம் ஒரே ஆரவாரமானது. “நீ குதிச்சா கட்டடமே விழும்டா” என்று யாரோ யாரையோ சீண்டினார்கள்.

கருவி அறைக்குத் தடித்த சுவர், தடித்த கதவு. சாத்தியதும் வெளிச்சத்தம் அறுந்துபோனது. புதுத் தாளைச் சுற்றிவிட்டுக் கதவைத் தட்டத் திரும்பினார். அதற்குள் முள் துள்ளியது. தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கிறுக்கித் தள்ளியது.

“தட்டுறதுக்குள்ள அவசரம்” என்று சிரித்துக்கொண்டார். அவர் சிரித்துப் பல நாளாகிறது.

மேசையில் இருந்த போன் அடித்தது. தலைமை அலுவலகம்.

“உங்க கருவியில பெருசா ஒண்ணு பதிவாகியிருக்கு. மலையா?”

“இல்லைங்க மேடம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்திருக்காங்க. நான்தான் குதிக்கச் சொன்னேன்.”

“நல்லாத் தெரியுமா? மலை மேல இருக்குற கருவி பழுது, உங்களை நம்பித்தான் இருக்கோம். ஊரை இறக்கணும்னா இப்பவே இறக்கணும்.”

“ஐயோ, வேண்டாம் மேடம். இன்னொரு தடவை அந்த அசிங்கம் தாங்காது. பிள்ளைங்கதான்.”

“சரி, விட்டுடறேன்.”

தாளைக் கிழித்தார். இதை மகள் கையில்தான் கொடுக்க வேண்டும். கூப்பிடக்கூடாது என்றாளே தவிர, கொடுக்கக்கூடாது என்று சொல்லவில்லையே.

கதவைத் திறந்தார். கூடத்தில் ஒருவரும் இல்லை.

தோட்டத்துக் குழாய்ப் பக்கமிருந்து பிள்ளைகள் வாயைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்த மகள், அத்தனை பேர் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, தண்ணி குடிக்க எல்லாரையும் டீச்சர் வெளியே கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்பக் குதிக்கலாமா?”