மஞ்சள் சீட்டு

நர்ஸ் பேசத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கடைசி வரிசையில் புரொபசர் கொட்டாவி விட்டார்.

போதை மறுவாழ்வு மையத்தில் அவர் ஆலோசகர். வாயைத் திறந்தால் ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார் என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர்தான் புரொபசர். அதையும் அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

இன்றைக்கு ஊழியர்கள் எல்லாருக்கும் பால்வினை நோய்கள் பற்றி வகுப்பு. மருத்துவமனையிலிருந்து வந்திருந்த நர்ஸ் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டே போனார். பலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. ஆளைப் பார்த்து எடை போடாதீர்கள். கேளுங்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

"நாங்க குடிய நிறுத்துறவங்க சிஸ்டர். இதையும் எதுக்கு எங்க தலையில கட்டுறீங்க?" புரொபசர் குறுக்கிட்டார்.

"குடிச்சா நிதானம் இருக்காது சார். யார் கூட இருந்தோம், பாதுகாப்பா இருந்தோமான்னு அப்புறம் யோசிச்சாலும் ஞாபகம் வராது."

"அவனுங்களுக்கு ஏது ஞாபகம்" என்றார் புரொபசர். அறையே சிரித்தது.

குடி ஒழிப்புக் கருத்தரங்குக்கு அவர் வெளியூர் போய்வந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று நாள், நல்ல ஓட்டல். கடைசி நாள் விருந்தில் குடி ஒழிப்பாளர்கள் எல்லாரும் குடித்தார்கள். இவரும்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் யோசிப்பதே கிடையாது. யோசிக்காதது நடக்காதது என்பது அவர் கொள்கை. தன்னிடம் வருகிறவன் இதையே சொன்னால் மட்டும் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்.

இப்போது அவர் மனசெல்லாம் வீட்டில் இருந்தது. மனைவி நாலு நாளாகப் பேசவில்லை.

திங்கட்கிழமை, அடிவயிறு வலிக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இவர் வேலைக்கு வந்துவிட்டார். அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

கூட வராத கோபம் என்று நினைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷனுக்கு, அவள் பேசாத வீட்டில் சோறு இறங்கவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

இன்று காலை கொஞ்சம் உயிர் வந்தது. இந்த வகுப்புக்குப் படித்துவிட்டு வரச் சொல்லி மேலாளர் கொடுத்த காகிதக் கட்டை வழக்கம்போலப் பிரிக்காமலே வீட்டில் போட்டிருந்தார். அதிலிருந்து விழுந்ததோ என்னவோ, ஒரு சீட்டை நாலாக மடித்து அவருடைய அடையாள அட்டைக்கு அடியில் அவள் எடுத்து வைத்திருந்தாள். கோபம் தணிகிறது. சாயங்காலம் பூ வாங்கிக்கொண்டு போனால் வழிக்கு வந்துவிடுவாள்.

நர்ஸ் ஒரு மஞ்சள் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"நோய்னு தெரிஞ்சவங்க தன் துணைக்குக் கொடுக்கிற சீட்டு இது. பேரு இருக்காது, நம்பரும் தேதியும் மட்டும்தான். வாய்விட்டுச் சொல்ல முடியாதவங்க இதக் கொடுத்தாப் போதும். துணையும் வந்து மருந்து எடுக்கணும், இல்லைன்னா நோய் திரும்ப வந்துடும்."

ஆளுக்கொன்று விநியோகம் தொடங்கியது. கடைசி வரிசைக்கு வந்தபோது புரொபசர் கையைக் காட்டித் தடுத்தார். காலையில் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்ட சீட்டை எடுத்து, பிரித்து, எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். மஞ்சள்.

"எங்க வீட்டம்மா காலையிலேயே எடுத்து வச்சிட்டாங்க சிஸ்டர். நாங்க எல்லாம் தயாராத்தான் வருவோம்."

நர்ஸ் அதை வாங்கிப் பார்த்தார்.

மற்றவர்கள் கையிலிருந்த சீட்டுகளில் குறுக்கே 'மாதிரி' என்று அச்சடித்திருந்தது. எண்ணுக்கும் தேதிக்குமான இடம் காலி. இதில் எண் இருந்தது. திங்கட்கிழமைத் தேதி இருந்தது.

நர்ஸ் அதை மறுபடி நாலாக மடித்து, யாருக்கும் தெரியாமல் புரொபசரின் உள்ளங்கையில் வைத்தார். "ஒன்பது மணிக்குத் திறப்போம்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு முன்னால் போனார்.

முன்வரிசையில் யாரோ புரொபசர் சொன்னதற்கு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி காலையிலேயே பேசிவிட்டிருந்தாள்.