தெம்பு

பஸ் ஓட்டுநர் பிடியை இறுக்கினார். திரையில் பச்சைக் கோடு சரசரவென்று ஏறி உச்சியைத் தொட்டது.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. சோதனை நடத்துகிறவர் கைதட்டக் கூடாது என்பது விதி. மேசைக்கு அடியில் காலால் தாளம் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஆய்வின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. மனச்சோர்வு வந்தவர்களுக்கு ஒரு காரியத்தில் இறங்கும் உந்துதல் எங்கே போய்விடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. என் அம்மா அதைச் சுருக்கி, சோம்பேறி ஆராய்ச்சி என்பாள். சோம்பல் இல்லை அம்மா, நோய் என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சோதனை எளிமையானது. கம்பி இணைத்த ஒரு கைப்பிடி. ஒவ்வொரு சுற்றிலும் திரை ஒன்று கேட்கும். லேசாக அழுத்திக் கொஞ்சம் புள்ளி வாங்கிக்கொள்கிறீர்களா, முழு பலத்தையும் போட்டு நிறைய வாங்கிக்கொள்கிறீர்களா? ஆசை உள்ளவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பெரியதற்குப் போவார்கள். மனம் சோர்ந்தவர்கள் லேசானதைத் தொட்டுவிட்டு, போதும் என்பார்கள்.

போன வாரம் வரை இந்த ஓட்டுநர் அதையும் தொடமாட்டார். புள்ளி வாங்கி நான் என்ன செய்யப்போகிறேன் என்பார். பெரிய பஸ்ஸை வளைத்துத் திருப்பிய கை, பிடியின் மேல் சும்மா கிடக்கும். திரையில் அவருடைய கோட்டைப் பார்த்து எங்கள் பெரிய டாக்டர், செத்த பாம்பு மாதிரி நீட்டிப் படுத்திருக்கிறதே என்பார்.

அக்காதான் அவரை வாராவாரம் அழைத்து வருவார். தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தம்பிக்காக வந்து தங்கியிருப்பவர்.

"இவனைக் கட்டில்லேர்ந்து எழுப்புறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துருது மேடம்" என்று சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார்.

இன்று ஓட்டுநர் தனியாக வந்தார்.

முகத்தை மழித்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. அக்கா எங்கே என்று கேட்டேன். காலையில்தான் ரயில் ஏற்றிவிட்டாராம். பாவம், என்னோடு கிடந்து அவளும் இளைத்துவிட்டாள், கொஞ்ச நாள் அவள் மகள் வீட்டில் இருக்கட்டும் என்றார். அவர் இன்னொருவருக்காகக் கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. உள்ளுக்குள் குதித்தேன்.

பிறகு பிடியைக் கையில் வாங்கினார். முதல் சுற்றிலேயே கடினமானதைத் தேர்ந்தெடுத்தார். அடுத்ததிலும் அதேதான். அதற்கடுத்ததிலும். விரல் கணுக்கள் வெளுத்தன. நடுவில் கொஞ்சம் ஓய்வு வேண்டுமா என்றதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

புது மாத்திரை பிடித்துவிட்டது என்று நினைத்தேன். செத்த பாம்பு எழுந்து ஆடுவதை உடனே பெரிய டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்று கை பரபரத்தது.

முடிந்ததும் பரிசு அலமாரியைத் திறந்து காட்டினேன். சேர்ந்த புள்ளிகளுக்கு ஒரு நல்ல குடையே எடுத்துக்கொள்ளலாம். அவர் குடையை விரித்துப் பார்த்தார், அழகாக மடித்தார், அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

"பரவால்லையே சார், நல்லாத் தெம்பு வந்துருச்சே!" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

அவரும் சிரித்தார். வலது கையை விரித்து, மூடி, மறுபடி விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"ஆமா மேடம். இத்தனை நாளா அதுக்குக்கூடத் தெம்பில்லாமக் கெடந்தேன்."

கம்பியைச் சுருட்டிக்கொண்டே நானும் சிரித்தேன். சுருட்டி முடிப்பதற்குள் என் சிரிப்பு நின்றுவிட்டது.

எதற்கு?

மனச்சோர்வு இறங்கும்போது முதலில் உடம்புதான் எழுந்துகொள்ளும். மனசு பின்னால் மெதுவாக வரும். இடைப்பட்ட நாட்கள் பொல்லாதவை. படுத்துக்கிடந்தபோது எந்த எண்ணம் பிடித்து ஆட்டியதோ, அதைச் செய்து முடிக்கவும் அப்போது தெம்பு இருக்கும். இதைப் படித்து, தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். ஆனால் இவ்வளவு நேரமும் கோடு ஏறுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காக ஏறுகிறது என்று கோடு சொல்லாது.

சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிட வேண்டும் என்றும் படித்திருக்கிறேன். படிப்பது சுலபம். எனக்குப் பயமாக இருந்தது. கதவுக்கும் அவருக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். உயிரை விட்டுவிட நினைக்கிறீர்களா சார்?

அவர் கோபப்படவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்கும் பயணிக்குப் பதில் சொல்கிற நிதானத்தில் சொன்னார்.

"இப்ப இல்ல மேடம். அக்கா போய்ச் சேந்துட்டேன்னு ஒரு போன் பண்ணட்டும்."

அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது.

இரண்டு பேரின் கைகளும் ஒரே சமயத்தில் அதை நோக்கிப் போயின. அவர் கை முந்திக்கொண்டது. அந்தக் கையை நான் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்காதீங்கண்ணா" என்றேன்.