அம்பு இறகுப் பட்டு

“முழங்காலுக்குக் கீழை ஒரு சாண் விட்டு வெட்டுங்கோ அண்ணை. நடக்கேக்கை காலிலை தட்டக்கூடாது. இண்டைக்கே வேணும்.”

கோசலை மேசையில் விரித்த பட்டைத் தவரத்தினம் தடவிப் பார்த்தார். பாரிஸ் லா சப்பலில் இருபது வருடமாகத் தைக்கிறார். இப்படி ஒன்று அவர் கைக்கு வந்ததில்லை. பழைய ஜப்பான் கிமோனோ. ஊதா நிறத்தில், மேலிருந்து கீழ்வரை வெள்ளை அம்பு இறகுகள்.

“மகள் சாம்பவிக்குத்தானே? கலியாணம் சரிவந்திட்டுதெண்டு சனம் கதைச்சது. நாளைக்கு மெறிக் கந்தோரிலை கலியாண எழுத்தோ?”

“கையெழுத்து வைக்கிற அலுவல்தான்.”

“சீலை கட்டாமல் இதென்ன கோலம், தங்கச்சி? சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நான் கூட்டித் துடைக்கிற மெனாஜ் வேலைக்குப் போற வீட்டு மதாம் தந்தவ. முந்தி ஜப்பானிலை கலியாணம் கட்டிப் போற பிள்ளைக்கு இந்த அம்பு போட்டதைக் குடுத்து விடுவினமாம்.”

“ஏனாம்?”

“விட்ட அம்பு திரும்பி வராதாம். அதுமாதிரி, வெளிக்கிட்ட வீட்டுக்கு அவளும் திரும்பக் கூடாதாம்.”

அளவுநாடாவை எடுக்கப்போன தவரத்தினத்தின் கை நின்றுவிட்டது.

“பெத்த தாய் சொல்லுற கதையே இது? என்ரை மகள் போன வருசம் பெட்டியோடை வந்து வாசலிலை நிண்டவள். நான் கதவைத் திறந்தனான். நாளைக்கு உம்மடை பிள்ளைக்கு ஒண்டெண்டால் எங்கை போவாள்?”

“எல்லாத் தகப்பனும் திறக்கிறேல்லை அண்ணை,” என்றாள் கோசலை. குரல் தாழவில்லை. “நீங்கள் வெட்டுங்கோ. திரும்பக் கூடாதெண்டால் கூடாதுதான்.”

“உம்மடை மனிசன் இதுக்கு ஓமெண்டவரோ?”

“முப்பத்தொரு வருசம் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் செய்தனான். இதைக் கேக்கேல்லை.”

என்ன கல்நெஞ்சு இவளுக்கு என்று தவரத்தினத்துக்கு நெஞ்சு கொதித்தது. முகம் அறியாத அந்தப் பிள்ளைக்காகப் பட்டை மடித்து அவள் பக்கம் தள்ளினார்.

“பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும். அவளை ஒரு வார்த்தை கேக்காமல் நான் இதிலை கத்தரி வைக்கமாட்டன்.”

கோசலை குளிர் அங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். இரண்டு கைகளையும் விரித்து, அவர் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

“என்னட்டைக் கேளுங்கோ அண்ணை. நாளைக்குக் காலமை டிவோர்ஸ் வழக்கு. இதைப் போட்டுக்கொண்டு நீதவானுக்கு முன்னாலை நிக்கப்போறது நான்தான்.”