மூன்று மில்லித் தகடு

“கண்ணு, அந்த பிளேன்ல மட்டும் ஏறாத!”

விமானத் தகடுகளின் தடிமனைச் சோதிக்கும் ஆய்வாளர் போனில் கத்தினார். பழைய விமானம் ஒன்றில் காபி, சாப்பாடு தயாராகும் இடத்தின் தரையைப் பெயர்த்துவிட்டு, தடிமன் அளக்கும் மீட்டரோடு உள்ளே மண்டியிட்டிருந்தார் அவர். சாயங்காலம் இதே விமானத்தில்தான் அவர் மகள் கைக்குழந்தையோடு கிளம்ப வேண்டும்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம். மீட்டர் என்னப்பா சொல்லுது?”

“நல்லாருக்குன்னுதான் சொல்லுது. ஆனா உள்ள வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கும்மா. எனக்கு மனசு ஒப்பல.”

அலுமினியத்தை அரிப்பு தின்றால் அப்படித்தான் பொடி உதிரும். வெளியே பெயிண்ட் புதுப்பெண் மாதிரி இருக்கும். உள்ளே உடம்பு மெலிந்துகொண்டே போகும்.

“இப்பவே கிளம்பற பிளேன் ஒண்ணு இருக்கு. போன வாரம் நானே அங்குலம் அங்குலமா அளந்து பாஸ் பண்ணது. அதுல மாறிக்கோ.”

முன்னாடியே விமான நிலையம் வந்துவிட்டிருந்த மகள் சிரித்துக்கொண்டே மாறிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த விமானம், அவர் வேலை பார்க்கும் பழுதுபார்ப்புக் கொட்டகையான ஹாங்கருக்கு மேலே உறுமிக்கொண்டு போனது. அவர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பழக்க தோஷம், உப்புத்தாளை எடுத்து அளவுத் தகட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். ‘மூன்று மில்லி’ என்று பொறித்த தகடு. அதன்மேல் வைத்து, மீட்டர் மூன்று காட்டும்படி திருகிவிட்டுத்தான் தினமும் வேலையைத் தொடங்குவார். அதில் துளி கறை ஒட்ட விடமாட்டார். ஹாங்கரில் அவருக்கு ‘மினுமினு’ என்றே பேர்.

அடுத்த ஷிஃப்ட் பெண் தன் மீட்டரோடு உள்ளே இறங்கினாள். வைத்த மாத்திரத்தில் அவள் முகம் வெளுத்தது.

“ஐயோ சார், ரொம்ப மெலிஞ்சிருக்கு. இது பறக்கவே கூடாது!”

“பாத்தியா, என் மனசு அப்பவே சொல்லுச்சு! நல்லவேளை, பொண்ணை வேற பிளேன்ல ஏத்திவிட்டேன்.”

“அது சரி சார், உங்க மீட்டர் ஏன் கண்டுபிடிக்கல?”

“அதான் புரியல. தினம் இதுல வச்சுத்தானே சரிபாக்கறேன்.”

அவள் தகட்டை வாங்கிக் காலிப்பர் அளவுகோலில் கவ்விப் பார்த்தாள். மூன்று இல்லை, இரண்டரைதான். இரண்டரையை மூன்று என்று நம்பியிருக்கிறது மீட்டர்.

உப்புத்தாளும் கையுமாக நின்றவரை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சார்... போன வாரமும் இதே தகடுதானா?”