கப்பல்காரர் மனசு

கப்பல்காரர் வீட்டு அழைப்பு மணியை மூன்றாவது முறையாக அழுத்திவிட்டு, விரலை எடுக்காமலே நின்றாள் கண்ணாடிக்காரி. உள்ளே ஜன்னல் திரை லேசாக விலகி, மறுபடி மூடிக்கொண்டது. ஆள் இருக்கிறார். திறக்கத்தான் மனமில்லை.

‘திறக்காட்டி போகட்டும். இன்னிக்கு நாலு வார்த்தை கேக்காம நகரப்போறதில்ல’ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பதால் சபையில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரி. அவளும் கணக்கு டீச்சரும், பெண்கள் இருவரும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்து, தம்பதியாக ஒரே வீட்டில் குடித்தனம் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது.

ஆரம்பத்தில் இரண்டு பேரும் ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தால் அந்த பெஞ்சே காலியாகிவிடும். அது மெல்ல மெல்ல மாறியது. இப்போது டீச்சரிடம் கணக்குப் படிக்காத பிள்ளை சபையில் கிடையாது. ஒரு ஞாயிறு வராவிட்டால், “ரெண்டு பேருக்கும் உடம்புக்கு என்ன?” என்று நாலு வீட்டிலிருந்து போன் வந்துவிடும்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மாதத்தின் முதல் ஞாயிறு, அந்த மாதம் கல்யாண நாள் வருகிற தம்பதிகளைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்துப் போதகர் ஜெபம் செய்வார். எங்களையும் அழையுங்கள் என்று நான்கு வருடமாக இவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று காலையும் சபை அலுவலகத்தில் அதே பல்லவிதான்.

“எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். கமிட்டியிலயும் யாரும் குறுக்க நிக்கல. ஆனா நம்ம கப்பல்காரர் இருக்காரே? அவர் தாங்குவாரா?” என்றார் போதகர்.

கப்பல்காரர், சரக்குக் கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஆசீர்வாதம் முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போய்விடுவார்.

“அவர் கமிட்டியிலயே இல்லையே பாஸ்டர்?”

“அதைத்தான் சொல்றேன். நீங்க மனு கொடுத்த மாசம் கோவிச்சுக்கிட்டு விலகினவரு, இன்னும் ஆறல. பழைய காலத்து மனுஷன். இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போறாரு? கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

பொறுத்துப் பொறுத்து அவளுக்குள் ஏதோ அழுகிப்போயிருந்தது. போன மழைக்காலத்தில் கப்பல்காரர் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சபையே முழங்காலில் நின்று ஜெபித்தது. அவளும் கண்ணை மூடினாள். ஆனால் மனதின் ஓரத்தில், ‘அப்படின்னா வர்ற வருஷம் கூப்பிடுவாங்களோ?’ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

கதவு திறந்தது. கப்பல்காரர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு இறைத்தது. உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

“ஐயா, நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினோம்?” எடுத்த எடுப்பிலேயே அவள் குரல் உடைந்தது. “ஒரே ஒரு ஜெபம். ரெண்டு நிமிஷம். அதைக் கேட்டா உங்க காது கூசுதுன்னா, அந்த ரெண்டு நிமிஷம் வெளிய போய் நில்லுங்களேன்! நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருங்கன்னு எங்களைச் சொல்றாங்க. நானும் காத்துக்கிட்டுதான் இருந்தேன். என்னை இவ்வளவு கேவலமானவளா ஆக்கிட்டீங்களே!”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரியவரின் முகம் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. திரும்பி உள்ளே போனார்.

அவ்வளவுதான், போலீசுக்குத்தான் போன் செய்யப்போகிறார் என்று நினைத்தாள். ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் வாசற்படியிலேயே நின்றாள்.

திரும்பி வந்தவர் சட்டை மாட்டியிருந்தார். அவசரத்தில் பித்தான்கள் மேலும் கீழுமாக ஏறியிருந்தன. கதவை இழுத்துப் பூட்டினார்.

“நட.”

“எங்கய்யா?”

“பாஸ்டர் வீட்டுக்கு.”

ஆக, புகார். நடந்தாள். டீச்சருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. தெருமுனை வந்ததும் பொறுக்க முடியாமல் சொன்னாள்.

“உங்க சாவைப் பத்திப் பேசினது தப்புதான். பாஸ்டர் முன்னாலயே மன்னிப்புக் கேக்கறேன். ஆனா நாங்க கேட்டதை வாபஸ் வாங்க மாட்டேன்.”

பெரியவர் சட்டென்று நின்றார்.

“வாபஸா? எதுக்கு வாங்கணும்? உங்க ரெண்டு பேரையும் கூப்பிடச் சொல்லிச் சண்டை போட்டுத்தானே நான் கமிட்டியை விட்டே வெளிய வந்தேன்!”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்படின்னா... இத்தனை வருஷமா எங்ககிட்ட ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசல?”

பெரியவர் அவளையே பார்த்தார்.

“ஜெபமே வேண்டாம்னு நீங்கதான் சொல்லிட்டீங்கன்னாரே உங்க பாஸ்டர்!”